இரண்டாவது பாட்டுக்குப் பிறகு

அழுகிறவர்களின் முகத்தை அக்காவைப்போல அவ்வளவு கவனமாகப் பார்க்கிற இன்னொருவரை நான் கண்டதில்லை. யாராவது அழத் தொடங்கினால் நாங்கள் தலையைத் திருப்பிக்கொள்வோம், தண்ணீர் எடுக்கிற சாட்டில் குசினிக்குள் நழுவுவோம். அக்கா கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். கண் எந்த இடத்தில் நிறைகிறது, உதடு எப்போது கோணுகிறது என்று ஒன்றையும் தவறவிடமாட்டார். பாட்டு முடிந்ததும் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்.

“மனசிலை விருப்பமில்லாத ஒருத்தி இப்பிடிப் பாடுவாளோ, சொல்லும் பாப்பம்?”

பாட்டு யப்பான் பாட்டு. காதல் பாட்டு என்று கேட்டவுடனேயே தெரிந்துவிடும், அதற்குப் பாஷை தேவையில்லை. ஒரு பெண் தொண்டையை அடக்கி அடக்கிப் பாடிக்கொண்டு போவாள். இந்த இடத்தில் குரல் உடையப்போகிறது என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். உடையாது. அடுத்த வரியில், நாங்கள் அசந்திருக்கிற நேரம் பார்த்து உடையும். கூடவே கேட்கிறவர்களும் உடைந்துபோவார்கள். சூரிச்சுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ஷ்லீரனில் அந்தப் பாட்டுக் கசற்றைக் கேட்டு அழாத தமிழ் வீடு இருந்ததாக நான் நினைக்கவில்லை. யப்பான் அக்கா என்ற பெயர் அப்படித்தான் வந்தது. சொந்தப் பெயர் வாசல் மணிக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது. அதைத் தபால்காரரைத் தவிர ஒருவரும் பாவிக்கவில்லை.

நான் அவரைச் சந்தித்தது சண்டை பிடிக்கப் போன இடத்தில். தொண்ணூறுகளின் தொடக்கம், நாங்கள் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிது. நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற மெசின் எல்லா வீட்டுக்கும் பொது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறைநாள் உண்டு. இன்னொருவரின் முறைநாளில் அந்த மெசினில் கைவைப்பது இந்த நாட்டில் களவெடுப்பதைவிடப் பெரிய குற்றம். என் நாளில் யாரோ தோய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சுவிஸ்காரரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். அவர் எனக்கு முன்னால் உறுமிக்கொண்டு போனார்.

மெசினுக்கு மேலே ஒரு சின்ன ரேப் ரெக்கோடர் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பெரிய பொட்டு வைத்த ஒரு பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சுவிஸ்காரர் ஏசுவதற்கு வாயைத் திறந்தார், பாட்டு முந்திக்கொண்டது. கதவுத் திறப்புக் கோர்வையைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பாட்டு முடியும்போது அவருடைய மீசை நனைந்திருந்தது. ‘ஷோன்’ என்றார், நல்லாயிருக்கிறதாம். மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே ஏறிப் போனார். அந்தப் பெண் அவர் மறையும்வரை அவருடைய முகத்தையே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீர் ஏன் அழேல்லை?”

“எனக்கு உடுப்புத் தோய்க்கோணும்,” என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். நான் மன்னார், வேதக்காரி. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில்கூடக் கண் கலங்காத கல்நெஞ்சுக்காரி என்று அம்மாவிடம் பேச்சு வாங்கியவள். அக்காவுக்கு என்னைப் பிடித்துப்போனதே அதனால்தான். “எல்லாரும் அழுதுகொண்டிருந்தா ஆர் எனக்கு விளங்கப்படுத்திறது?” என்பார்.

பின்னேரங்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கந்தோர்க் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தோம். கசற்றின் கதை எனக்கு வாளியும் துடைப்பமுமாக, மாடி மாடியாகத்தான் கிடைத்தது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்தவர்களில், கடிதம் எழுதப் பஞ்சிப்படுகிறவர்கள் கசற்றில் கதைத்து ஊருக்கு அனுப்புவார்கள். அது வந்து சேர்ந்தால் வீட்டுக்காரர் தனியாகக் கேட்பது என்று இல்லை. சொந்தம், அயல் எல்லாம் கூடி, நடுவில் ரேப் ரெக்கோடரை வைத்து, ஆள் முன்னால் இருப்பதுபோல ‘ஓம், ஓம்’ என்று பதிலும் சொல்லிக் கேட்பார்கள். அக்காவின் புருஷன் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். அவர் அனுப்பிய கடைசிக் கசற் யப்பானில் ஒரு துறைமுகத்திலிருந்து வந்தது. ஒரு பக்கம் அவருடைய பேச்சு. கூரை ஓட்டை மாற்று, அம்மாவைக் கண்ணாடி போடக் கூட்டிக்கொண்டு போ, வெயிலுக்குள் திரியாதே என்று வழக்கமான புத்திமதிகள். முடிவில், “மற்றப் பக்கத்திலை பாட்டிருக்கு, கேட்டுப் பார்,” என்று ஒரு சிரிப்பு.

மற்றப் பக்கத்தில் அந்தப் பெண். மூன்று பாட்டு. பின்னால் கிளாசுகள் முட்டுகிற சத்தம், ஆண்கள் இருமுகிற சத்தம். இரண்டாவது பாட்டுக்குப் பிறகு அவள் தன் பாஷையில் எதையோ கதைக்கிறாள், கதைக்கும்போதே அழுகிறாள். மூன்றாவது பாட்டில் ஒரு ஆண்குரலும் தாளம் தப்பிச் சேர்ந்துகொள்கிறது. அது யாருடைய குரல் என்று அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

“என்ரை பிள்ளையை ஒருத்தி பிடிச்சுப்போட்டாள்,” என்று மாமியார் தலையில் கைவைத்தாராம். அக்கா கசற்றைப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தார். விடிந்ததும் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் சேதி வந்தது. அந்தத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பல் புயலுக்குள் போய்விட்டது, ஒருவரும் மிஞ்சவில்லை. ஆனால் கப்பல் புறப்படுவதற்கு முன் சில பெடியங்கள் அந்த ஊரிலேயே இறங்கி ஒளித்து நின்றுவிட்டார்கள் என்றும் ஒரு கதை வந்தது. யார், எத்தனை பேர் என்று ஒருவருக்கும் தெரியாது. கொழும்பில் ஆள் பிடித்து ஏற்றிய ஏஜென்ட் கந்தோரைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து அக்கா அதே கசற்றை வேறு காதால் கேட்கத் தொடங்கினார். அவள் பிடித்து வைத்திருந்தால் மனிசன் கப்பல் ஏறியிருக்கமாட்டார். ஏறாவிட்டால் உயிரோடு இருக்கிறார். அவள் விரும்பாவிட்டால் செத்துப்போனார். அக்காவின் புத்தியில் வேறு மூன்றாவது வழி இருக்கவில்லை.

“எனக்கு வேண்டாம் பிள்ளை,” என்று ஒருநாள் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “அவளே வைச்சிருக்கட்டும். பிள்ளைகுட்டி பெத்துக்கொண்டு இருக்கட்டும். மூச்சு இருந்தாக் காணும்.”

இது தெரியாமல் அக்காவைத் தேற்றப் போய் மாட்டுப்பட்டவர்கள் அதிகம். ‘அது சும்மா பாட்டக்கா, அவர் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை’ என்று யாராவது சொன்னால் அக்காவின் முகம் இருண்டுவிடும். அவர்களுக்குத் தேத்தண்ணி கிடையாது. மாறாக, என் புருஷன் கேட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். பாண் சுடுகிற ஃபக்டரியில் வேலை செய்கிறவர், ஈஸ்ற் கண்ணுக்குள் போய்விட்டது என்று சாட்டும் சொன்னார். அக்கா அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார். “இவருக்கு விளங்கியிருக்கு. அவள் சும்மா பாடேல்லை,” என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மனிசி தன் புருஷன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்பதற்கு ஊரெல்லாம் சாட்சி தேடி அலைவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குத்தான் பொறுக்கும்?

அக்காவின் அகதி விசாரணையில் புருஷன் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். “யப்பானிலை,” என்றிருக்கிறார். அப்படியென்றால் யப்பானுக்குப் போயிருக்கலாமே, ஏன் இங்கே வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டாராம். “அங்கை அவரோடை ஒருத்தி இருக்கிறாள். நான் போனா அவைக்கு இடைஞ்சல்.” மொழிபெயர்க்க வந்த தமிழர் அதை ஜெர்மனில் சொல்லாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இதைச் சொல்லும்போது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

பெரியபிள்ளையான பெட்டைகளுக்குச் செய்கிற சாமத்தியவீடுகளில்தான் சிக்கல் வரும். ஆலாத்தி எடுக்கச் சுமங்கலிப் பெண்களைக் கூப்பிடுவார்கள். அக்காவைக் கூப்பிடுவதா விடுவதா என்று வீட்டுக்காரர் மூலைக்குள் நின்று குசுகுசுப்பார்கள். அக்கா தானாகவே எழும்பிப் போய்த் தட்டில் கைவைப்பார். “அவர் யப்பானிலை இருக்கிறார்,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார். ஒருவரும் மறுத்ததில்லை. கைவிடப்பட்டவள் என்று பின்னால் இரக்கப்படுவார்கள், அந்த இரக்கம் அக்காவுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

தொண்ணூற்றைந்து தை மாதம் யப்பானில் பூமி நடுங்கியது. விழுந்துகிடந்த நகரத்தை ரீவியில் காட்டினார்கள். கப்பல் நின்ற துறைமுகமும் அந்தப் பக்கம்தான். அக்கா வேலைக்கு வரவில்லை என்று தேடிப் போனேன். ரீவிக்கு முன்னால், திரையில் மூக்கு முட்டுகிற தூரத்தில் இருந்தார். போர்வை போர்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிற யப்பான் சனத்தின் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை, தலை இழுக்கவில்லை. சாமிப்படத்துக்கு முன்னால் இரண்டு விளக்கு எரிந்தது.

“ஏன் ரெண்டு?” என்று கேட்டேன்.

“அவளுக்கும்தான்,” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “இவ்வளவு நாளும் இருக்கிறார் எண்டு இருந்தன் பிள்ளை. இனி எப்பிடி இருப்பன்? ரெண்டாவது பாட்டுக்குப் பிறகு அவள் கதைக்கிறாளெல்லோ, அதுக்குள்ளை ஒரு தெருப்பேர், கடைப்பேர் ஏதும் இருக்கும். அதைத் தெரிஞ்சா அவை தப்பிச்சினமோ எண்டு விசாரிக்கலாம்.”

சூரிச்சில் மொழிபெயர்க்கிற இடங்கள் இருக்கின்றன, கொண்டுபோய்க் கொடுப்போம் என்றேன். அக்கா தலையாட்டி மறுத்தார். “காசுக்குச் சொல்லுறவை வாய்க்கு வந்ததைச் சொல்லுவினம். அழுதுபோட்டுச் சொல்லுறவை பொய் சொல்லமாட்டினம்.”

அந்தக் கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் லுசேர்னுக்கு ரயில் ஏறினோம். யப்பான் உல்லாசப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற ஊர் அது. எரிந்து திரும்பக் கட்டிய மரப்பாலத்தின் வாயிலில், சேலைக்கு மேல் மழைக்கோட்டுப் போட்ட அக்கா வாக்மனோடு நிற்பார். யப்பான்காரரைக் கண்டால் கும்பிட்டு ஹெட்ஃபோனை நீட்டுவார். நான் வெட்கத்தில் கொஞ்சம் தள்ளி நின்று வாத்துக்களைப் பார்ப்பேன். பாதிப் பேர் ஏதோ விற்கிறார் என்று விலகிப் போவார்கள். மீதிப் பேர் மரியாதைக்கு வாங்கிக் காதில் வைப்பார்கள். வைத்தவர்கள் அழாமல் போனதில்லை. புதிதாகக் கலியாணம் கட்டிய ஒரு சோடி ஆளுக்கொரு பக்கமாகக் காதை வைத்துச் சிரித்துக்கொண்டே கேட்டது, பிறகு பெடிச்சி பெடியனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு கிழவர் அழுதுவிட்டுச் சொக்லட் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஓடிப்போய் எனக்குத் தெரிந்த இங்கிலிசில் கேட்டால், “லவ் சோங், சாட், சாட்” என்பார்கள். பேச்சு வருகிற இடத்துக்கு முன்னாலேயே கொடி பிடித்த வழிகாட்டி கூப்பிட்டுவிடுவாள்.

“லவ் எண்டு சொன்னவையோ? வடிவாக் கேட்டனீரோ?” என்று ரயிலில் அக்கா திரும்பத் திரும்பக் கேட்பார். ஓம் என்பேன். அந்த ஓமை வைத்துக்கொண்டு ஒரு கிழமை ஓட்டுவார்.

ஆவணி முடிகிற நேரம் அந்தத் தாயும் மகளும் வந்தார்கள். மகள் சூரிச்சில் பியானோ படிக்கிறவள், ஜெர்மன் என்னைவிட நன்றாகக் கதைத்தாள். தாய் அவளைப் பார்க்க வந்தவர். எங்களைப்போல அவர்களுக்கும் அவசரமில்லை. ஏரிக்கரை மரவாங்கில் நான்கு பேரும் இருந்தோம். தாய் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாட்டையும் கேட்டார், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. அக்கா வாங்கின் நுனிக்கு வந்து அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாய் கண்ணைத் திறந்தார். மகளிடம் ஏதோ சொல்லி ஹெட்ஃபோனைக் கொடுத்தார். மகள் அந்தப் பேச்சை மட்டும் கேட்டாள், திருப்பிச் சுற்றி இன்னொருமுறை கேட்டாள்.

“பாடுகிறவள் இந்த அம்மாவோடுதான் பேசுகிறாள்,” என்று அக்காவைக் காட்டி என்னிடம் சொன்னாள். முகம் மலர்ந்திருந்தது. அவள் ஒவ்வொரு வசனமாகச் சொல்லச் சொல்ல, நான் அக்காவின் பக்கம் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னவாம்?” என்றார் அக்கா.

“காதல் பாட்டாம் அக்கா. அதைத்தான்...”

“பிள்ளை, நான் உம்மடை முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

முகம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட மனிசியிடம் எதை ஒளிப்பது? சொன்னேன். யப்பான் பாஷையில் அவள் என்ன முறை சொல்லி அழைத்தாளோ தெரியாது, என் வாயில் அது அக்கா என்றுதான் வந்தது.

‘அக்கா, உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் கணவர் இங்கே வந்தால் பழச்சாறுதான் குடிப்பார், உங்களைப் பற்றித்தான் கதைப்பார். அவருடைய சிநேகிதர் இரண்டு பேர் இந்த ஊரிலேயே நின்றுவிடப் போகிறார்கள். நீங்களும் நில்லுங்கள், வேலை எடுத்துத் தருகிறோம் என்று அவரிடம் நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். இல்லை, வீட்டில் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நாளைக்கு ஏறுகிறேன் என்கிறார். என்னிடம் திரும்பி வருவதற்காக ஒருவரும் இப்படிக் கப்பல் ஏறியதில்லை. அதுதான் அழுகை வருகிறது, குறை நினைக்கவேண்டாம். அடுத்த பாட்டு உங்களுக்கு. உங்களுக்காக அவரும் பாடப் பழகியிருக்கிறார்.’

அக்கா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கப்பல் சங்கு ஊதிக்கொண்டு கரைக்கு வந்தது.

“ஏறினவராமோ?”

“நாளைக்கு ஏறுறன் எண்டு சொன்னவராம் அக்கா.”

“அப்ப ஏறியிருப்பார். சொன்னாச் செய்யிற மனிசன்.”

அந்தத் தாய் அக்காவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ சொன்னார், மகள் எனக்குச் சொன்னாள். இவ்வளவு அன்பான கணவர் கிடைப்பது பெரிய கொடுப்பினையாம். அவர் இப்போது சுகமாக இருக்கிறாரா என்று அம்மா கேட்கிறாராம்.

நான் அக்காவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமலே, “சுகமா இருக்கிறார் எண்டு சொல்லும்,” என்றார். சொன்னேன். தாயும் மகளும் எழுந்து குனிந்து வணங்கினார்கள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு மரப்பாலத்துப் பக்கம் நடந்து போனார்கள். அக்காவும் எழுந்து, அவர்களைப்போலவே குனிந்து வணங்கினார். கடைசிவரையில் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ரயிலில் ஷ்லீரன் கிட்டும்போது அக்கா என் முழங்கையைத் தொட்டார்.

“ஆரும் கேட்டா, அவர் யப்பானிலை அவளோடை இருக்கிறார். விளங்குதோ?”

“ஓம் அக்கா.”

“இல்லையெண்டு சனம் சொல்லத் தொடங்கினா நானும் நம்பிப்போடுவன்.” ரயிலை விட்டு இறங்கும்போது, “பழி அந்தப் பாடின பிள்ளைக்குத்தான். என்னை அக்கா எண்டு சொன்னவள், பொறுப்பாள்,” என்றார்.

அதற்குப் பிறகு சாமத்தியவீடுகளில் ஆலாத்திக்குக் கூப்பிட்டால் அக்கா எழும்புவதில்லை. கை நோகிறது என்பார். வாளி தூக்கித் தூக்கி வந்த நோ என்று எல்லோரும் நம்பினார்கள். பொட்டு மட்டும் அதே அளவில் இருந்தது.

அந்த மார்கழியில் வில் என்கிற ஊரிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தாள். யப்பான் பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, எனக்கும் போட்டுக் காட்டச் சொல்லுங்கோ என்று அடம்பிடித்தாள். அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா மறுக்காமல் கசற்றைப் போட்டார், கதிரையைக் கிட்ட இழுக்கவில்லை. முதல் பாட்டிலேயே அந்தப் பெண் சேலைத் தலைப்பை எடுத்தாள். இரண்டாவது பாட்டில் விம்மினாள். எனக்கு முன்னால் சுவர் மங்கலாகத் தெரிந்தது. நான் அழுகிறேன் என்று கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

“உங்களை இப்பிடி விட்டிட்டு ஒருத்தியோடை பாட்டுப் பாடிக்கொண்டு இருக்கிறானே, நாசமாப் போவான்,” என்றாள் அந்தப் பெண்.

“அப்பிடிச் சொல்லாதையும் பிள்ளை. எங்கையெண்டாலும் நல்லா இருக்கட்டும்.”

இரண்டாவது பாட்டு முடிந்தது. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் அக்கா சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்ப்பார். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டி ரேப் ரெக்கோடரை நிற்பாட்டினார்.

“அவ்வளவுதானோ அக்கா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“ஓம். இதுக்குப் பிறகு ஒண்டுமில்லை,” என்றுவிட்டு அக்கா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.